சின்ன ஊரில் வீடு கட்ட அனுமதி: வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

கிராமத்தில் வீடு கட்ட எதற்கு அப்ரூவல், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்க ஆள் வரத்தான் செய்யும். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி கேட்கும், பிள்ளை படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்கப் போனால் அங்கேயும் கேட்பார்கள், இருபது வருடம் கழித்து விற்கப் போனால் வாங்க வருபவரின் வக்கீல் முதல் வேலையாக அப்ரூவ்டு பிளானைத்தான் கேட்பார். அப்போது இல்லை என்று சொன்னால் விலை குறையும், சில நேரம் வியாபாரமே நின்றுபோகும். அதனால் தமிழ்நாட்டில் ஒரு சின்ன ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ சொந்தமாக ஒரு வீடு கட்டப் போகிறவர்களுக்காக, நான் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அனுமதி கிடைக்குமா கிடைக்காதா என்பது ஊராட்சி அலுவலகத்தில் முடிவாவதில்லை, உங்கள் நிலத்தின் தாள்களிலேயே அது முடிவாகிவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு அனுமதி வாங்கிய வேலை ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. ஆனால் அந்தச் சாயங்காலத்துக்கு வந்து சேர ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் போனது பட்டாவுக்குத்தான்.

எங்களுடையது டெல்டாப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சி. அப்பா காலமான பிறகு மனையின் பட்டாவை எடுத்துப் பார்த்தால் அப்பா பெயரும் சித்தப்பா பெயரும் சேர்ந்து இருக்கிறது, கூட்டுப் பட்டா. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி வருடக்கணக்காகிவிட்டது, பாதிப் பாதியாகத்தான் அனுபவித்தும் வருகிறோம், ஆனால் அதை வைத்து உட்பிரிவு செய்ய, அதாவது புல எண்ணைப் பிரித்துத் தனித்தனியாக்க, யாரும் மனுப் போடவே இல்லை. நிறைய குடும்பங்களில் இதே கதைதான். பத்திரம் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று இருந்துவிடுகிறோம். வீடு கட்ட மனுப் போடும்போதுதான் பத்திரத்தில் ஒரு பெயர், பட்டாவில் வேறு பெயர் என்று இடிக்கும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் பெயரில் தனிப் பட்டா. அப்பா அம்மா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி, பாகம் பிரித்துப் பதிவு செய்து, பிறகு பட்டா மாறுதலுக்கு மனுச் செய்ய வேண்டும். இ-சேவை மையத்திலேயே போடலாம். முழுப் புல எண்ணும் உங்களுக்கே வருகிறது என்றால் உட்பிரிவு இல்லாத மாறுதல், சீக்கிரம் முடியும். அதில் ஒரு பகுதிதான் உங்களுடையது என்றால் உட்பிரிவோடு கூடிய மாறுதல், அதற்கு சர்வேயர் வந்து அளந்தாக வேண்டும், நாள் பிடிக்கும். மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு பத்து நாளைக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். எங்கள் மனு ஒருமுறை தள்ளுபடி ஆனது, காரணம் நாங்கள் ஏற்றிய பத்திர நகலில் கடைசிப் பக்கம், அதாவது சொத்து விவரம் இருக்கும் பக்கம், விட்டுப்போயிருந்தது. அது தெரியாமல் ஒன்றரை மாதம் காத்துக்கொண்டிருந்தோம்.

சர்வேயர் வந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆனி மாத வெயில், காலை பத்து மணி. புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லை அளவுகள் உள்ள சர்வே வரைபடத்தை, கையில் வைத்துக்கொண்டு தெரு முனையில் இருந்த கல்லிலிருந்து டேப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் கிளுவை வேலிக்கு உள்ளே இரண்டடி தள்ளி நின்று, கல் இங்கேதான் இருக்க வேண்டும் என்றார். தலையாரி கடப்பாரையால் இரண்டு போடு போட்டதும் ணங்கென்று சத்தம். மண்ணைத் தள்ளிப் பார்த்தால் மேலே சிலுவைக் குறி போட்ட பழைய சர்வே கல். பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கல்ல ஒங்க தாத்தா இருக்கும்போது நான் பாத்திருக்கேன்டா, வேலி அப்ப உள்ளதான் இருந்துச்சு" என்றார். அதாவது வேலி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தெருப் புறம்போக்கில் இரண்டடி போயிருக்கிறது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, ஒவ்வொரு முறை வேலி கட்டும்போதும் அரை அடி. அந்த வேலியை நம்பி முன்சுவர் எழுப்பியிருந்தால் எங்கள் படிக்கட்டு ஊர்த் தெருவில் நின்றிருக்கும். அதனால் பட்டா சரியாகவே இருந்தாலும், எல்லையில் துளி சந்தேகம் இருந்தால் பணம் கட்டி எஃப்-லைன் மனு (எல்லையை அளக்கச் சொல்லும் மனு) போட்டு அளந்து கல் போட்டுக்கொள்ளுங்கள். அளக்கும்போது பக்கத்து மனைக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்தி வையுங்கள், பிறகு வரும் பேச்சு பாதி குறையும்.

பட்டாவோடு சேர்த்து எடுத்து வைக்க வேண்டியவை: கிரயப் பத்திரமோ பாகப்பிரிவினையோ, அதன் தாய்ப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, புலப்படம், வீட்டுக்காரரின் ஆதார். பட்டா சிட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் காசு இல்லாமல் எடுக்கலாம். வில்லங்கத்தை முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள், வங்கிக்குப் போனால் எப்படியும் கேட்பார்கள், அப்போது எடுக்கப் போகிறதை இப்போதே எடுத்தால் யாராவது அடமானம் வைத்து ரத்து செய்யாமல் விட்டிருப்பது முன்னாலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது நிலத்தின் வகை. இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் மனை கிராம நத்தத்தில் இருந்தால் நல்லது. நத்தம் என்பதே குடியிருப்புக்கென்று விட்ட நிலம். நத்தம் பட்டாவில் தற்காலிகமான தோராயப் பட்டா, இறுதியான தூயப் பட்டா என்று இரண்டு உண்டு, கையில் இருப்பது தோராயப் பட்டாவாக இருந்தால் தூயப் பட்டா ஆகிவிட்டதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மனைப்பிரிவில் வாங்கிய பிளாட் என்றால் அந்த லேஅவுட் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனையாக இருந்தால் அதை முதலில் வரன்முறைப்படுத்த வேண்டும். 2017இல் வந்த வரன்முறை விதிகளில் 20.10.2016 என்பதுதான் எல்லைத் தேதி, அந்தத் தேதிக்குள் பத்திரம் பதிவாகி விற்கப்பட்ட மனைகளுக்கும், ஒரு மனையாவது அப்படி விற்கப்பட்ட மனைப்பிரிவுகளுக்கும்தான் அந்த வழி. ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட பழைய லேஅவுட் வரைபடத்தைக் காட்டி "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று விற்பார்கள், அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு வெளியே மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறைக்குத்தான்.

வயலில் ஒரு மூலையை எடுத்துக் கட்டலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) எதுவும் போடாத பகுதிகளில் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றத் தனியாகவே 2017இல் விதிகள் வந்திருக்கின்றன. நன்செய் என்றால் வேளாண் துறை, மாவட்ட ஆட்சியர் என்று போகும். அது மாதக்கணக்கில் ஆகும் வேலை, அதை முடிக்காமல் கட்டட அனுமதிக்குப் போவதில் பயன் இல்லை. என்னைக் கேட்டால், ஊருக்குள் நத்தத்தில் நாலு சென்ட் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள், வயல் வயலாகவே இருக்கட்டும்.

இன்னும் சில இடங்களில் தனிக் கட்டுப்பாடு உண்டு. தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மாதிரி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கோயிலுக்குப் பக்கத்தில் மனை இருந்தால், நினைவுச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடமே கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் தொல்லியல் பக்கமிருந்து தனியாக அனுமதி வாங்க வேண்டும். நம்மூர்ப் பக்கம் சின்னச் சின்ன ஊர்களில்கூட இப்படிப்பட்ட கோயில்கள் இருப்பதால் இதை விசாரிக்காமல் மனை வாங்காதீர்கள். மலைப் பகுதிக் கிராமங்களுக்கும் தனி அனுமதி உண்டு. ஏரி, குளம், வாய்க்கால் கரையை ஒட்டியிருந்தால் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஊரில் வயதானவர்களிடமும் கேளுங்கள், அது எந்தப் படத்திலும் இருக்காது.

சரி, தாள்கள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று சுயசான்று முறை. 2024 ஜூலை 22 அன்று தமிழக அரசு தொடங்கி வைத்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் மொத்தமாக 3,500 சதுர அடிக்குள், தரைத் தளமோ தரைத் தளமும் முதல் தளமுமோ உள்ள வீடு என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்து, பணத்தைக் கட்டி, அப்போதே அனுமதியைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். முன்கூட்டி இடத்தை வந்து பார்ப்பது கிடையாது, பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்புக் கட்டணமும் இதற்குக் கிடையாது. கட்டி முடித்த பிறகு கட்டட நிறைவுச் சான்றும் தேவையில்லை. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். நாம் சென்ட்டில் பேசுகிறோம், விதி சதுர அடியில் இருக்கிறது, பட்டா ஹெக்டேர்-ஏரில் இருக்கிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 2,500 சதுர அடி என்பது ஐந்தே முக்கால் சென்ட்டுக்கு ஒரு துளி குறைவு. எனவே ஆறு சென்ட் மனை வைத்திருப்பவருக்கு, 2,613 சதுர அடி வந்துவிடுவதால், இந்த வழி இல்லை. பட்டாவில் 0 – 2.25 என்று இருந்தால் 2.25 ஏர், அதாவது 225 சதுர மீட்டர், 2,422 சதுர அடி, தாராளமாக உள்ளே வரும். பத்திரத்தில் ஒரு அளவும் பட்டாவில் ஒரு அளவும் இருந்தால், இரண்டில் குறைந்ததை வைத்தே வரைபடம் போடுங்கள், அதுதான் பாதுகாப்பு.

சுயசான்று என்ற பெயரை மறந்துவிடக் கூடாது. நான் கொடுத்த விவரம் எல்லாம் உண்மை, விதிப்படிதான் கட்டுவேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். முன்னால் வந்து பார்க்கவில்லை என்பதற்காக எதையாவது ஏற்றிவிட்டால், பின்னால் தெரியவரும்போது அனுமதி ரத்தாகும், பொறுப்பு முழுக்க உங்களுடையது. இடத் தகராறு ஓடிக்கொண்டிருந்தாலோ, கூட்டுப் பட்டாவில் இன்னொருவர் சம்மதம் இல்லாமலோ இந்த வழியில் போகவே போகாதீர்கள்.

இரண்டாவது, வழக்கமான முறை. மனை பெரிது, அல்லது கடையோடு சேர்ந்த வீடு, அல்லது மூன்று நான்கு குடியிருப்பு என்றால் இதுதான். இதையும் இப்போது இணையத்தில்தான் பதிவேற்ற வேண்டும், இதற்குப் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் வேண்டும். ஊராட்சியில் அனுமதி கொடுக்கும் செயல் அதிகாரம் ஊராட்சித் தலைவருடையது, பேரூராட்சியில் செயல் அலுவலருடையது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தேர்தல் வரும்வரை வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலராக இருக்கும்படி ஆனது. உங்கள் ஊரில் இன்றைக்கு யார் கையெழுத்து என்பதை ஊராட்சிச் செயலரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஊராட்சிச் செயலர் பல நேரம் 100 நாள் வேலை, குடிநீர், வரி என்று ஓடிக்கொண்டிருப்பவர், காலையில் சீக்கிரம் போனால்தான் பிடிக்க முடியும், போன் செய்துவிட்டுப் போங்கள். அவரைப் பகைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை, உங்கள் தெருவுக்கு எப்போது ரோடு போட்டார்கள், அதன் கணக்கு எண் என்ன என்பதுவரை தெரிந்தவர் அவர்தான்.

வரைபடத்துக்கு வருவோம். கொத்தனார் நன்றாகக் கட்டுவார், ஆனால் பிளான் போடும் வேலையை அவரிடம் விட வேண்டாம். பொறியாளரை ஒருமுறையாவது மனைக்கு அழைத்துப்போய் நிறுத்துங்கள். புலப்படத்தை வாட்ஸாப்பில் அனுப்பி அறையில் உட்கார்ந்தே வரைந்து வாங்கினால், மனையின் ஒரு மூலை கோணலாக இருப்பதும், மின்கம்பம் வாசலுக்கு நேரே நிற்பதும் படத்தில் வராது. மனைப் படம், தள வரைபடம், முகப்பு, குறுக்குவெட்டு, செப்டிக் டேங்க் இருக்கும் இடம், மழைநீர் சேகரிப்பு, வடக்கு எது, முன்னால் இருக்கும் தெருவின் அகலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதலே தமிழ்நாட்டில் கட்டாயம். படத்தில் மட்டும் ஒரு வட்டம் போட்டுவிட்டு விட்டுவிடாமல் நிஜமாகவே குழி எடுங்கள், எங்கள் பக்கத்தில் கிணற்று நீர் எவ்வளவு கீழே போய்விட்டது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். செப்டிக் டேங்கை உங்கள் கிணற்றை மட்டும் பார்த்து வைக்காமல் பக்கத்து வீட்டுக் கிணறு, போர் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

கட்டட விதிகள் என்று பார்த்தால் 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் அடிப்படை. சின்ன வீட்டுக்கு அதில் முக்கியமாக இரண்டு விஷயம். தளப் பரப்பு, மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்குவரை போகலாம், 1,200 சதுர அடி மனையில் இரண்டு தளமும் சேர்த்து 2,400 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், கிராமத்தில் இதை யாரும் தாண்டுவதில்லை. சிக்கல் வருவது சுற்றிலும் விட வேண்டிய காலியிடத்தில்தான். 9 மீட்டருக்குக் குறைந்த தெருவாக இருந்தால் முன்னால் 1.5 மீட்டர், ஏறக்குறைய ஐந்தடி விட வேண்டும். பக்கங்களில் எவ்வளவு என்பது மனையின் அகலத்தைப் பொறுத்தது, பொறியாளர் குறித்துக் கொடுப்பார். சன்ஷேடும் படிக்கட்டும் இந்தக் காலியிடத்துக்குள் எவ்வளவு நீட்டலாம் என்று படம் முடிவாகும் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள். வாசல் படியைத் தெருவில் இறக்குவது ஊர் வழக்கமாகவே இருக்கலாம், ஆனாலும் செய்யாதீர்கள்.

வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரை மாற்றுவது, இருக்கிற கூரையை அப்படியே பழுது பார்ப்பது, இவற்றுக்கு அனுமதி தேவையில்லை. ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போடுவதும் மாடி எடுப்பதும் பழுது வேலை ஆகாது, அதற்கு வாங்க வேண்டும்.

செலவைப் பற்றி. அனுமதிக் கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஊராட்சியின், பேரூராட்சியின் தரத்துக்கு ஏற்ப இணையதளமே கணக்கிட்டுக் காட்டும், ஊராட்சிகளில் குறைவு, நகரத்துக்குப் போகப் போகக் கூடும். கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு மதிப்பீட்டில் 1 சதவீதம் என்றும் ஒன்று உண்டு, உங்கள் வீட்டில் சித்தாள் வேலை செய்யும் அக்காவுக்கு நல வாரியம் வழியாகக் கிடைக்கும் உதவிக்குப் போகும் பணம் அது, மனசார கட்டுங்கள். எல்லாமே இணையத்தில் கட்டி ரசீது வருவது, கையில் கொடுக்க வேண்டிய கட்டணம் என்று ஒன்றும் இல்லை. பேரூராட்சி என்றால் காலிமனை வரி பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொறியாளருக்கும் இ-சேவை மையத்துக்கும் ஆகும் செலவு தனி, அதை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

'கலைஞரின் கனவு இல்லம்' மாதிரித் திட்டத்தில், 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் என்று வருகிறவர்களுக்கு, ஒன்றிய அலுவலகமே ஆளைத் தேர்வு செய்து கூட நின்று செய்யும், அந்த நடைமுறை வேறு. ஆனால் அங்கேயும் பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

நாள் பார்ப்பது பற்றி ஒன்று. நம் வீடுகளில் முதலில் ஜோசியரிடம் போய் மனை பூசைக்குத் தேதி குறித்துவிட்டு, பத்திரிகைகூட சொல்லிவிட்டு, அப்புறம்தான் பட்டாவைத் தேட ஆரம்பிக்கிறோம். ஆவணியில் வானம் தோண்ட வேண்டும் என்றால் தை மாதமே பட்டா வேலையைத் தொடங்குங்கள். தேதி நெருங்கிவிட்டால் "பூசையை மட்டும் போட்டுக்கலாம், வேலையை அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பூசையோடு நிற்பதில்லை, மறுநாளே ஜேசிபி வந்துவிடும். எங்கள் அம்மாவுக்கு அந்த ஆவணி முகூர்த்தம் தவறிப்போனதில் ரொம்ப வருத்தம். ஐப்பசியில்தான் போட்டோம், மழையில் ஒரு வாரம் குழியில் தண்ணீர் நின்றது, இறைத்துவிட்டுத்தான் கான்கிரீட் போட்டோம். ஆனாலும் கையில் அனுமதியோடு போட்டோம்.

அனுமதி வந்ததும் தாளில் கியூஆர் குறியீடு இருக்கிறதா, புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் சரியா, உங்கள் பெயர் பட்டாவில் இருப்பது போலவே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெயரில் இனிஷியல் மாறியிருந்தால் வங்கியில் அதற்கு ஒரு சுற்று. எத்தனை வருடத்துக்குச் செல்லும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பணம் பற்றாமல் பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு அது முக்கியம். மூன்று செட் பிரிண்ட் எடுத்து ஒன்று வீட்டில், ஒன்று கொத்தனாரிடம், ஒன்று வங்கிக்கு. கட்டுமானத்துக்குத் தற்காலிக மின் இணைப்பு கேட்கும்போதும் ஒரு நகல் வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து மோட்டார் ஓட்ட வேண்டாம், அவர்கள் மேல் வழக்கு விழும்.

வானம் தோண்டும் அன்று, கொத்தனார் கயிறு கட்டிச் சுண்ணாம்பு போட்டதும், நீங்களே டேப் எடுத்து சர்வே கல்லிலிருந்து அளந்து பாருங்கள். முன்னால் ஐந்தடி இருக்கிறதா, பக்கம் படத்தில் உள்ளபடி இருக்கிறதா. சுண்ணாம்புக் கோட்டை அழித்துத் திரும்பப் போட இரண்டு நிமிஷம் ஆகும், சுவரை இடிக்க என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அளந்ததை கல் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். வேலையின் நடுவில் ஒரு ரூம் கூட்டலாம், பாத்ரூமை வெளியே தள்ளலாம் என்று ஆசை வரும். வந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் திருத்திய படத்துக்கு விண்ணப்பியுங்கள்.

வீடு முடிந்ததும் ஊராட்சியில் வீட்டு வரி போடச் சொல்லி நீங்களே மனுக் கொடுங்கள், அவர்கள் வந்து கேட்கட்டும் என்று இருக்க வேண்டாம். வரி எண் வந்தால்தான் மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றுவதும் குடிநீர் இணைப்பும் எளிதாக நடக்கும். முதல் வரி ரசீதை, அனுமதித் தாள், பட்டா, அந்த நாலு போட்டோ எல்லாம் இருக்கிற அதே ஃபைலில் போட்டு, ஃபைல் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள்.